மாற்றுக் கருத்தைக் கேட்கும் முறை

வியாபார ஸ்தாபனங்களில் பேச வேண்டிய முறையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேசுகிறவரை நோக்கியே உபதேசம் செய்கிறார்கள். தெளிவாகப் பேசு, சுருங்கப் பேசு, முடிவை முன்னே சொல்லிக் காரணத்தைப் பின்னே வை என்பன போன்ற விதிகளெல்லாம் அவருக்காக ஏற்பட்டவையே. இத்தொடரின் முந்தைய பகுதிகளும் அவருடைய கடமைகளையே விவரித்துவந்தன. ஆனால் ஒரு சம்பாஷணையின் பலன், பேசுகிறவருடைய திறமையைவிட, முடிவு செய்யும் அதிகாரத்தோடு எதிரே அமர்ந்து கேட்கிறவர் எந்தக் கேள்வியை எந்த விதமாகப் போடுகிறார் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம். இவ்வாரம் அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

திருவள்ளுவர் இந்தப் பாகுபாட்டை நன்கு அறிந்திருந்தார். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய அதிகாரங்களை அமைச்சரைப் பற்றிய பகுதியில் வைத்த அவர், தவறு கண்டவிடத்து இடித்துச் சொல்லக்கூடியவர்களைத் தேடித் துணையாக்கிக்கொள்ளும் கடமையை அரசனைப் பற்றிய பகுதியில், பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்தில் வைத்தார். அஞ்சாமல் சொல்வது அமைச்சருடைய பொறுப்பு. சொல்பவர் தம்மருகே இருக்கும்படி பார்த்துக்கொள்வது அரசனுடைய பொறுப்பு. நம்முடைய ஆபீஸ்களில் முதல் பாதியை எல்லாரும் வற்புறுத்துகிறார்கள். இரண்டாம் பாதியை நினைப்பவர் வெகு சிலர்.

அந்த இரண்டாம் பாதி கவனிக்கப்படாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு, 1986ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி இரவு அமெரிக்காவில் நடைபெற்ற ஒரு தொலைபேசிக் கூட்டத்தைக் காட்டிலும் விளக்கமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை 11.38 மணிக்கு ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பிய சேலஞ்சர் விண்வெளி ஓடம் 73 விநாடிகளில் வானத்திலேயே சிதறி, கிறிஸ்டா மக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை உள்பட அதிலிருந்த எழுவரும் மாண்டார்கள். விஞ்ஞானக் கோளாறின் கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆயினும் முந்தின இரவு நடந்தது, சரக்குச் செய்துகொடுத்த ஒரு கம்பெனிக்கும் அதை வாங்கிய பெரிய வாடிக்கையாளருக்கும் இடையே நிகழ்ந்த ஒரு வியாபாரப் பேச்சே. ஓடத்தை உந்தும் ராக்கெட்டுகளைச் செய்துகொடுத்தது யூட்டா மாகாணத்திலிருந்த மார்ட்டன் தயோக்கால் கம்பெனி. வாங்கியது நாஸா என்ற அரசாங்க விண்வெளி ஸ்தாபனம்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ராக்கெட் ஒரே துண்டாகச் செய்யப்பட்டதன்று. பல பாகங்களாகச் செய்து பொருத்தப்பட்டது. பாகங்கள் சேரும் மூட்டுகளின் வழியே உள்ளிருக்கும் நெருப்பு வாயு வெளியேறாதபடி, சுமார் 12 அடி விட்டமும் ஏறக்குறையக் கால் அங்குலக் கனமும் உள்ள ரப்பர் வளையங்கள் காவலாக வைக்கப்பட்டிருந்தன. குளிரில் ரப்பர் தன் நெகிழ்ச்சியை இழக்கிறது. இழந்தால், மூட்டு சற்று விரியும் கணத்தில் வளையமும் உடனே விரிந்து இடைவெளியை அடைக்காது. அதுவரை நடந்த பயணங்களில் மிகக் குளிரான நாளில் நடந்தது 1985 ஜனவரியில், வளையத்தின் வெப்பநிலை 53 டிகிரி ஃபாரன்ஹீட்டாக இருந்தபோது. அந்தப் பயணத்தில்தான் வளையங்களைத் தாண்டி வாயு மிகுதியாகக் கசிந்திருந்தது. இதைக் கண்ட ரோஜர் பாய்ஜோலி என்ற தயோக்கால் எஞ்சினீயர், 1985 ஜூலை 31ஆம் தேதியே, இக்குறை உடனே தீர்க்கப்படாவிட்டால் மனித உயிர்கள் போகும் என்று தம் மேலதிகாரிக்கு எழுத்து மூலம் எச்சரித்தார். இப்பொழுதோ, ஃப்ளோரிடாவில் அன்றிரவு தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே குளிர் இறங்கும் என்று வானிலை அறிவிப்பு வந்துவிட்டது.

இரவு 8.45 மணி சுமாருக்கு யூட்டாவும், அலபாமாவிலுள்ள நாஸாவின் மார்ஷல் நிலையமும், ஃப்ளோரிடாவிலுள்ள கென்னடி நிலையமும் தொலைபேசியில் இணைக்கப்பட்டன. 30க்கும் மேற்பட்டோர் மூன்று ஊர்களில் அமர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் பேசலாயினர். அவசரம் அவசரமாகத் தயாரித்த தாள்களை ஃபாக்ஸ் மூலம் அனுப்பிவிட்டு, தயோக்கால் எஞ்சினீயர்கள் 53 டிகிரிக்குக் குறைவான குளிரில் ஓடத்தை ஏவக் கூடாது என்ற தங்கள் முடிவைத் திட்டவட்டமாகத் தெரிவித்தார்கள்.

பேசியவர்களிடத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 75 டிகிரி வெப்பத்தில் நடந்த வேறொரு பயணத்திலும் வாயு கசிந்திருந்ததென்ற செய்தி அவர்களுடைய தாள்களிலேயே இருந்தது. எதிர்த்தரப்பினர் அதைப் பிடித்துக்கொண்டு, குளிருக்கும் கசிவுக்கும் சம்பந்தம் உண்டென்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். சேதமில்லாமல் முடிந்த பயணங்களையும் சேர்த்து, எல்லாப் பயணங்களையும் வெப்பநிலை வரிசையில் ஒரே தாளில் வைத்துக் காட்டியிருந்தால் அந்தக் கேள்விக்கு உடனே விடை கிடைத்திருக்கும். பின்னர், விபத்தை ஆராய்ந்த விசாரணைக் கமிஷன் அவ்வாறு வைத்துப் பார்த்தபோது, 66 டிகிரியும் அதற்கு மேலுமாக இருந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே வளையத்தில் சேதம் இருந்ததும், 63 டிகிரியும் அதற்குக் கீழுமாக இருந்த நான்கு பயணங்களில் நான்கிலுமே சேதம் இருந்ததும் தெளிவாயின. அளவைக் கணக்காகச் சொல்ல முடியுமா என்று கேட்கப்பட்டபோது பாய்ஜோலி, தம்மால் முடியாது, ஆனால் நாம் போகிற திசை நன்மைக்கு மாறான திசை என்பது மட்டும் தமக்குத் தெரியும் என்று பதில் சொன்னார். அது உண்மையான பதில். அநுபவமுள்ள ஒரு தொழிலாளி தம் கைப்பழக்கத்தால் அறிந்ததை எண்ணாக மாற்றித் தர முடியாதிருப்பது அடிக்கடி நேர்வதே; அந்த இடத்தில் அவருக்கு உதவி செய்து விஷயத்தை வெளிக்கொண்டுவர வேண்டிய கடமை கேட்கிறவருடையது.

அன்றிரவு கேட்டவர்கள் செய்ததோ வேறு. நாஸாவின் தரப்பில் ராக்கெட்டுக்குப் பொறுப்பாக இருந்த லாரி மல்லாய், அப்படியானால் எப்பொழுதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா என்ற பொருளில் ஆத்திரத்தோடு கேட்டார். மார்ஷல் நிலையத்து உயர் அதிகாரியான ஜார்ஜ் ஹார்டி, இந்தச் சிபாரிசு தமக்குத் திகைப்பூட்டுகிறது என்றார். கம்பெனி எதிர்த்தால் அதை மீறி ஏவமாட்டேன் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார் என்பதை நியாயத்துக்காகக் குறிப்பிட வேண்டும். வாங்குகிறவர் திகைப்பைக் காட்டிய பிறகு, விற்கிறவருடைய செவியில் அடுத்த வாக்கியம் முழுவதும் விழுமா? இந்தக் கோபத்தைவிடப் பெரிய தவறும் ஒன்று அன்று நேர்ந்தது. அதுவரை நடந்த கூட்டங்களிலெல்லாம் கம்பெனியை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வி, “இது பத்திரமானதென்று நிரூபியுங்கள்” என்பது. அன்றிரவு அது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, “இது ஆபத்தானதென்று நிரூபியுங்கள்” என்று தலைகீழாக மாறிவிட்டது. இந்த மாற்றத்தைப் பாய்ஜோலியும், கம்பெனியின் எஞ்சினீயரிங் பிரிவின் தலைவரான பாப் லண்டும் பின்னால் சாட்சியத்தில் சொன்னார்கள். கேள்வி மாறியபோது, “இது வேறு கேள்வியாயிற்றே!” என்று சொல்வதற்கு அந்த 30க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் முன்வரவில்லை. எந்த வியாபாரக் கூட்டத்திலும் தலைமை வகிப்பவர் ஜாக்கிரதையாகக் காக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால், எந்தக் கேள்விக்கு விடை தேடக் கூடினோமோ அந்தக் கேள்வி வழியில் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதே என்று சொல்வேன்.

கம்பெனியார் ஐந்து நிமிஷ அவகாசம் கேட்டுத் தொலைபேசியை நிறுத்திக்கொண்டார்கள். அந்த ஐந்து நிமிஷம் சுமார் அரை மணி நேரமாக நீண்டது. ஆர்னி தாம்ஸன் என்ற எஞ்சினீயர் தம் இடத்தைவிட்டு எழுந்து, மேஜையின் தலைப்பக்கம் வந்து, நிர்வாகிகளின் முன்னே தாளை வைத்து மூட்டின் படத்தை வரைந்து காட்டினார். அவர்கள் முகத்தைப் பார்த்து, தாம் சொல்வது ஏறவில்லையென்று உணர்ந்தவுடன் நிறுத்திக்கொண்டு திரும்பினார். பாய்ஜோலி முந்தைய பயணங்களின் புகைப்படங்களை எடுத்துக் காட்டி, கறுத்திருக்கும் இடத்தைப் பாருங்கள் என்று மன்றாடினார். அவருக்கும் அதே மௌனமே கிடைத்தது. பிறகு அங்கிருந்தவர்களில் மூத்த நிர்வாகியான ஜெர்ரி மேசன், இது நிர்வாகம் செய்ய வேண்டிய முடிவு என்று சொல்லி, உயர்நிலையிலிருந்த நிர்வாகிகளை மட்டும் ஒவ்வொருவராகக் கேட்டார். கடைசியாகத் தயங்கி நின்றவர் லண்ட். எஞ்சினீயர் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு நிர்வாகித் தொப்பியை அணிந்துகொள்ளுமாறு மேசன் அவரிடம் சொன்னார். லண்டும் இசைந்தார். கேட்கப்பட்ட நால்வரும் சம்மதித்தார்கள். வளையத்தை நேரில் ஆராய்ந்தவர்கள் கேட்கப்படவே இல்லை. ஒரு பெரிய வாடிக்கையாளரைத் திருப்தி செய்வதற்காகவே கம்பெனி நிர்வாகம் தன் நிலையை மாற்றிக்கொண்டது என்று விசாரணைக் கமிஷன் பின்னர் தீர்மானித்தது.

இங்கே ஒரு பழைய வழக்கத்தை நினைவூட்டத் தோன்றுகிறது. இராணுவ நீதிமன்றங்களில் அங்கத்தினர்களின் அபிப்பிராயத்தைக் கேட்கும்போது, பதவியில் மிகவும் இளையவரிடமிருந்து தொடங்கி மேலே செல்வது சம்பிரதாயம். மேலதிகாரியின் எண்ணம் வெளிப்பட்டுவிட்டால் கீழே உள்ளவர் தம் மனத்தில் பட்டதைச் சொல்லக் கூசுவார் என்ற மனித சுபாவத்தை அறிந்தவர்கள் ஏற்படுத்திய முறை அது. கட்டுப்பாட்டுக்குப் பேர்போன இராணுவமே இதை அவசியமென்று கண்டிருக்க, நம் கம்பெனிகளில் முதலாளியோ மானேஜிங் டைரக்டரோ வாய்திறந்து தம் விருப்பத்தைத் தெரிவித்துவிட்டு, அதன் பிறகு, “நீங்களெல்லாம் என்ன நினைக்கிறீர்கள்?” என்று சுற்றிலும் பார்ப்பது எத்தனை வீணான காரியம்!

தொலைபேசி மறுபடி இணைக்கப்பட்டதும், கம்பெனியின் சார்பில் புதிய முடிவு வாசிக்கப்பட்டது. அப்பொழுது மார்ஷல் நிலையத்தின் ஸ்டான்லி ரைனார்ட்ஸ், இதில் யாருக்கேனும் மாற்று அபிப்பிராயம் உண்டா என்று பொதுவாகக் கேட்டார். மூன்று ஊர்களிலும் யாரும் பேசவில்லை. அந்த மௌனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அரை மணி நேரத்திற்கு முன் அவ்வளவு உறுதியாக எதிர்த்தவர்கள் என்ன காரணத்தால் மனம் மாறினார்கள் என்று பாய்ஜோலியின் பெயரையோ தாம்ஸனின் பெயரையோ சொல்லி ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவர்கள் மனம் மாறவே இல்லை என்பது அக்கணமே வெளிப்பட்டிருக்கும். தம் கம்பெனியின் தலைவர்கள் முடிவு சொல்லிவிட்ட பிறகு, வாடிக்கையாளரின் முன்னிலையில், பெயர் சொல்லி அழைக்கப்படாத ஓர் ஊழியர் தாமாக எழுந்து அவர்களை மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. “யாருக்கேனும்” என்ற கேள்வி ஒருவரையும் நோக்கியதன்று. ஆகவே அதற்கு விடை சொல்லும் கடமையும் ஒருவருக்கும் ஏற்படுவதில்லை. கூட்டத்தை முடிக்கும் அவசரத்தில் நாமும் நாள்தோறும் இதே கேள்வியைக் கேட்டு, இதே மௌனத்தைப் பெற்று, ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவைக்கிறோம்.

கென்னடி நிலையத்தில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஆலன் மக்டொனால்ட், ஏவலாம் என்ற கடிதத்தில் கையொப்பமிட மறுத்தார். கடிதம் யூட்டாவிலிருந்து வேறொருவர் கையெழுத்துடன் வந்தது. மக்டொனால்ட் அப்பொழுதும் விடாமல், குளிர் ஒன்று, ஏவுதளத்தில் உறைந்திருக்கும் பனிக்கட்டி ஒன்று, ராக்கெட்டை மீட்கும் கப்பல்கள் கொந்தளிக்கும் கடலில் சிக்கியிருப்பது ஒன்று என மூன்று காரணங்களை எடுத்துச் சொன்னார். அவை அவர் கவலைப்பட வேண்டிய விஷயங்களல்ல என்ற பதிலே கிடைத்தது. ஓடத்தை ஏவ இறுதி அனுமதி தரும் மேலதிகாரிகளுக்கோ, கம்பெனி முதலில் மறுத்ததும் எஞ்சினீயர்கள் இறுதிவரை எதிர்த்ததும் தெரிவிக்கப்படவே இல்லை. கீழ்மட்டத்தில் தீர்ந்துபோன தகராறை மேலே கொண்டுபோவானேன் என்பது எல்லா ஸ்தாபனங்களிலும் உள்ள மனோபாவம். முடிவை மட்டும் மேலே அனுப்பி, அந்த முடிவு எவ்வளவு போராட்டத்தின் பின் வந்தது என்பதை மறைத்துவிட்டால், மேலே இருப்பவர் பெறுவது பாதிச் செய்தியே.

விபத்தின் பிறகு, வில்லியம் ராஜர்ஸ் தலைமையில் அமைந்த கமிஷன் பிப்ரவரி 10ஆம் தேதி கதவடைத்து விசாரணை நடத்தியது. குளிரைப் பற்றிய பேச்சு வந்தபோது நாஸா தரப்பினர், கம்பெனியோடு அதுபற்றி ஆலோசித்ததாகவும் ஏவலாம் என்றே முடிவு ஏற்பட்டதாகவும் சொன்னார்கள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் அதில் பொய் இல்லை. பின்வரிசையில் அமர்ந்திருந்த மக்டொனால்ட், தம்மை யாரும் கேளாதிருந்தும் கையை உயர்த்தி, 53 டிகிரிக்குக் கீழே ஏவக் கூடாதென்று தங்கள் கம்பெனி எழுத்து மூலமாகவே சிபாரிசு செய்திருந்தது என்றார். ராஜர்ஸ் அவரை முன்னே அழைத்து, சொன்னதை மீண்டும் எல்லாரும் கேட்கச் சொல்லுமாறு வேண்டினார். விசாரணையின் போக்கு அன்றோடு மாறி, ரப்பர் வளையத்தைப் போலவே அந்த இரவின் பேச்சும் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாயிற்று. பிப்ரவரி 25ஆம் தேதி கமிஷன் பகிரங்கமாகக் கூடியபோது மக்டொனால்ட், பாய்ஜோலி, தாம்ஸன், லண்ட், மேசன் ஆகியோரைப் பெயர் சொல்லி அழைத்து, அன்றிரவு நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன நினைத்தீர்கள் என்று தனித்தனியே வினவியது. அவர்களும் தத்தம் பதிலைச் சொன்னார்கள்.