பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: ஓவனின் மின்னணுக் கட்டுப்பாட்டில் கோளாறு அறியும் முறை

முன்னுரை

விறகடுப்பு எரியவில்லை என்றால் காரணம் கண்ணுக்குத் தெரியும். விறகு ஈரமாக இருக்கும். அல்லது சாம்பல் அடைத்திருக்கும். மண்ணெண்ணெய் அடுப்பாயின் திரியைப் பார்ப்போம். கருவி எளியதாக இருந்தவரை அதன் குறையும் எளிதில் புலப்பட்டது. இன்றோ சமையலறைக்குள்ளும் மின்னணுவியல் புகுந்துவிட்டது. ரொட்டியும் கேக்கும் சுடுகின்ற மின் ஓவன், தனக்குள் ஒரு சிறு கணிப்பொறியையே கொண்டுள்ளது. அது பழுதுற்றால் முகப்பில் 'எஃப் 1', 'எஃப் 3' என ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் ஒளிர்கின்றன. விட்டுவிட்டு ஒரு கீச்சொலி எழுகின்றது. அவ்வளவுதான். (ஓவன் என்பதற்கு ஈடாகச் சில தமிழ்ச் சொற்கள் வழங்கினாலும், மக்கள் நாவில் நிலைத்துவிட்ட சொல்லையே இங்கு ஆளுகின்றேன்.)

பழுது பார்க்க வருபவரிடமிருந்து பெரும்பாலும் கிடைக்கும் விடை, 'போர்டு போய்விட்டது' என்பதே. போர்டு எனப்படும் மின்சுற்றுப் பலகை, ஓவனின் விலைமிக்க உறுப்புகளுள் ஒன்று. அதனை மாற்றிய பின்னரும் அதே எழுத்தும் எண்ணும் மீண்டும் தோன்றுவதுண்டு. குற்றம் ஓர் உறுப்பில் இருக்க, தண்டனை மற்றோர் உறுப்பிற்குக் கிடைக்கின்றது. தண்டத்தொகையோ வீட்டுக்காரர் தலையில் விழுகின்றது. நடுத்தரக் குடும்பத்திற்கு அது சிறிய இழப்பன்று. பலகையைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கும் முன் எவற்றையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசனும் ஒற்றனும்

பழைய ஓவனில், மெல்லிய உலோகக் குழலுள் அடைக்கப்பட்ட திரவம் சூட்டில் விரிந்து சுவிட்சை அணைக்கும். குளிர்ந்ததும் சுருங்கி மீண்டும் இணைக்கும். புதிய ஓவனில் இப்பணியை நான்கு உறுப்புகள் பகிர்ந்து கொள்கின்றன. நாம் இடும் கட்டளையை ஏற்பது முகப்பிலுள்ள பொத்தான் தகடு. உள்ளே நிலவும் வெப்பத்தை அறிவிப்பது சென்சார். இவ்விரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்வது மின்சுற்றுப் பலகை. அம்முடிவை நிறைவேற்றி, வெப்பச் சுருளுக்கு மின்சாரத்தைத் திறந்தும் அடைத்தும் விடுவது பலகையின் மீதே அமைந்துள்ள ரிலே என்னும் சுவிட்சு.

பலகையை அரசன் எனக் கொண்டால், சென்சார் அவனுடைய ஒற்றன்; ரிலே ஏவலன். ஒற்றன் தவறாக உரைத்தால் அரசன் தவறாக ஆள்வான். அதனால் அரசனை மாற்றிப் பயனில்லை.

இந்த ஒற்றனின் மொழி மின்தடை. பல ஓவன்களில், குறிப்பாக அமெரிக்க வகைகளில், பின்சுவரில் விரல் நீளத்திற்கு ஒரு மெல்லிய எஃகுத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதனுள் இருப்பது பிளாட்டினம். வெப்பம் ஏற ஏறப் பிளாட்டினத்தின் மின்தடையும் ஒழுங்காக ஏறும். இப்பண்பைக் கொண்டு வெப்பத்தை அளக்கலாம் என 1871-இல் வில்லியம் சீமென்சு எடுத்துரைத்தார். அம்முறையை 1887-இல் காலண்டர் என்னும் ஆங்கிலேய அறிஞர் செம்மைப்படுத்தினார். அதே முறைதான் இன்று கேக் சுடும் பெட்டியுள் பணிபுரிகின்றது.

இத்தகைய சென்சாரின் மின்தடை 0 டிகிரி செல்சியசில் 1,000 ஓம். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 3.8 ஓம் கூடும். எனவே 30 டிகிரி நிலவும் நம் ஊர்ச் சமையலறையில் அது சுமார் 1,117 ஓம் காட்ட வேண்டும். கேக் சுடும் 175 டிகிரியில் சுமார் 1,666 ஓம் காட்டும்.

விசாரணைக்கு முன்

முதற்கடமை பாதுகாப்பு. முகப்பிலுள்ள பொத்தானை அணைப்பது போதாது. பிளக்கைக் கழற்றிவிட வேண்டும், அல்லது அந்த இணைப்பிற்குரிய பிரேக்கரை இறக்கிவிட வேண்டும். மைக்ரோவேவ் ஓவனோ முற்றிலும் வேறு இனம். அதனுள் உள்ள மின்தேக்கி 2,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தைப் பிளக்கைக் கழற்றிய பின்னும் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதன் உறையைப் பயிற்சியற்றோர் திறத்தல் உயிருக்கே ஊறு விளைவிக்கும். இங்குக் கூறப்படுவன சுருள் வைத்த மின் ஓவனுக்கு மட்டுமே உரியன.

அடுத்து, எழுத்தும் எண்ணும் கூறும் பொருளை அறிதல் வேண்டும். ஒரு நிறுவனத்தில் 'எஃப் 3' சென்சாரின் இணைப்பு அறுந்ததைக் குறிக்கலாம். மற்றொன்றில் அதன் பொருள் வேறாகலாம். அந்தந்த மாதிரிக்குரிய பட்டியலைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். பல ஓவன்களில் அப்பட்டியல் மடித்த தாளாக, உறையின் உட்புறத்திலேயே வைக்கப்பட்டிருக்கும்.

கோளாறு எப்போது தோன்றுகின்றது என்பதும் பெரியதொரு தடயமாகும். மின்சாரத்தை ஐந்து நிமிடம் நிறுத்தி மீண்டும் கொடுத்ததும் குறி மறைந்து, திரும்ப வரவில்லையெனில், மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் நேர்ந்த தற்காலிகக் குழப்பமாக இருக்கலாம். குளிர்ந்த நிலையிலேயே குறி தோன்றினால் பொத்தான் தகட்டையும் பலகையையும் ஐயுறலாம். சூடேறிய பின்னரே தோன்றினால் சென்சாரையும் அதன் கம்பிகளையும் முதலில் ஐயுற வேண்டும். முகப்பை ஈரத்துணியால் துடைத்த மறுநாள் தோன்றினால், பொத்தான் தகட்டுள் நீர் புகுந்திருக்க வாய்ப்புண்டு.

ஒற்றனை விசாரித்தல்

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, சென்சாரின் இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரால் மின்தடையை அளக்க வேண்டும். முன்னர்க் கூறிய அளவையொட்டி இருப்பின் சென்சார் நலமாயுள்ளது. முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்துள்ளது. பூச்சியத்தை நெருங்கினால் உட்குறுக்கு ஏற்பட்டுள்ளது.

பலர் இத்துடன் நின்றுவிடுகின்றனர். சென்சார் நன்றாக இருக்கின்றது. எனவே பலகையே பழுது என முடிவு கட்டுகின்றனர். பிழை நேர்வது இந்த இடத்தில்தான். ஒற்றன் உண்மையே உரைத்தாலும், செய்தி அரசன் செவியை அடைய வேண்டுமன்றோ? ஆகவே சென்சாரை மீண்டும் இணைத்துவிட்டு, அதன் கம்பிகள் பலகையைச் சேரும் முனையில் மறுமுறை அளக்க வேண்டும். இரண்டு அளவுகளும் ஒத்திருந்தால் வழியில் தடையில்லை. வேறுபட்டால் குற்றவாளி இடையிலுள்ள கம்பி, அல்லது துருவேறிய இணைப்பு.

இணைப்பில் ஏறிய துரு 38 ஓம் கூடுதல் தடை தந்தால், உள்ளிருக்கும் வெப்பத்தைவிடப் 10 டிகிரி மிகுதியாக இருப்பதாகப் பலகை எண்ணிக்கொள்ளும். உரிய நேரத்திற்கு முன்னரே சுருளை அணைக்கும். கேக்கின் நடுப்பகுதி வேகாது. இல்லத்தரசியின் கைப்பக்குவத்தின் மீது பழி விழும். துருவை நீக்கி இணைப்பைச் சரிசெய்தால் தீரக்கூடிய குறை அது.

தகடா, பலகையா?

பொத்தான் அழுத்தப்பட்டே இருக்கின்றது என்னும் பொருளில் குறி தோன்றினால், ஐயத்திற்குரியவை இரண்டு. பொத்தான் தகட்டிலிருந்து நாடா போன்றதொரு இணைப்பு பலகைக்குச் செல்லும். மின்சாரத்தை நிறுத்தி, அந்நாடாவைக் கழற்றி, மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பர். குறி வரவில்லையெனில் பழுது தகட்டில். தகடே இணையாத நிலையிலும் அதே குறி வந்தால் பழுது பலகையில். தகட்டைக் கழற்றினால் வேறொரு குறி காட்டும் மாதிரிகளும் உண்டு. இரண்டும் ஒரே உறுப்பாய் அமைந்த மாதிரிகளும் உண்டு. உறை திறந்த நிலையில் மின்சாரம் பாய்வதால், இச்சோதனை தொழில்நுட்பர் செய்ய வேண்டியது. அதனைச் செய்தீர்களா எனக் கேட்பது நாம் செய்யக்கூடியது.

ஏவலனின் குற்றம்

ஓவனை அணைத்த பின்னும் சுருள் தொடர்ந்து சூடேறினால், ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். இது தீவிபத்திற்கு வழிவகுக்கும். உடனே மெயினை நிறுத்தி, பழுது நீங்கும்வரை பயன்படுத்தாதிருத்தல் வேண்டும்.

முகப்பு ஒளிர்ந்தும் சூடே ஏறவில்லையெனில் சுருளை முதலில் அளக்க வேண்டும். 240 வோல்ட்டில் 2,500 வாட் சுருளாயின் ஏறத்தாழ 23 ஓம் காட்டும். அளவுமீறிய சூட்டைத் தடுக்கும் வெப்பக் காப்பு அறுந்துள்ளதா என்றும் காண வேண்டும். 1963-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த தானியங்கித் துப்புரவு முறை ஏறத்தாழ 480 டிகிரிவரை சூடேற்றி அழுக்கைச் சாம்பலாக்குவது. அவ்வசதி உள்ள ஓவன்களில், துப்புரவு செய்த பிறகு இக்காப்பு அறுந்துபோவதுண்டு.

இவையெல்லாம் நலமாயிருப்பின், பழுது பலகையில்தான். அப்போதும் பலகை முழுவதையும் எறிய வேண்டுவதில்லை. சூடும் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்குவதால் ரிலேயின் கால்களைச் சுற்றி ஈயப்பற்றில் வளையம்போல் வெடிப்பு தோன்றுவதுண்டு. தேர்ந்த கைவினைஞர் மீண்டும் ஈயம் வைத்துச் சீராக்கிவிடுவார்.

முடிவுரை

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கு வகுத்துள்ளார். பிணியை அறிதல், அதன் காரணத்தை அறிதல், தீர்க்கும் வழியைத் தேர்தல், பின்னரே செயற்படல் என்பது அவ்வொழுங்கு. உடலுக்குக் கூறிய அம்முறை கருவிக்கும் பொருந்துகின்றது. காரணம் அறியாமல் பாகத்தை மாற்றுவது, நோய் அறியாமல் மருந்து கொடுப்பது போன்றதே.

மாணவச் செல்வங்களே, நீங்கள் அனைவரும் மல்டிமீட்டரைக் கையில் ஏந்த வேண்டுவதில்லை. ஆயினும் உங்கள் இல்லத்தில் 'போர்டு போய்விட்டது' என்னும் தீர்ப்பு கூறப்படும்போது, 'சென்சாரை இரு முனைகளிலும் அளந்தீர்களா? பொத்தான் தகட்டைப் பிரித்துப் பார்த்தீர்களா? ஈயப்பற்றை நோக்கினீர்களா?' என்னும் மூன்று வினாக்களைப் பணிவுடன் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் அவ்வினாக்களை வரவேற்பார். தம் அளவுகளை மகிழ்வுடன் காட்டுவார். அத்தகையவருக்கு உரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். சான்று கண்டு தீர்ப்பளிப்பதே முறை. அம்முறை அடுக்களைக்கும் உரியதே.