குளிர்ந்த காற்றா, சூடான காற்றா?

ஊதுலைக்குள்ள என்னென்ன போகுதுன்னு கேட்டா தாது, கோக், சுண்ணாம்புக்கல்னு சொல்வோம். காற்றை விட்டுடுவோம். ஆனால் ஒரு டன் இரும்புக்கு ஒரு டன்னுக்கும் மேல் காற்று ஊத வேண்டும். அதில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். எதையும் எரிக்காது, சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மேலே போய்விடும்.

1820களில் பிரிட்டிஷ் உலைக்காரர்கள், காற்று குளிர்ந்திருந்தால்தான் நல்லது என்று நம்பினார்கள். குளிர்காலத்தில் உலை நன்றாக ஓடியதே! பார்த்தது சரி, காரணம்தான் வேறு. குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு. கோடைக்காற்றின் நீராவியோ, தணலாக இருக்கும் கோக்கோடு வினைபுரிந்து ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடுமாக மாறும். அதற்கான வெப்பத்தை உலையிலிருந்தே பிடுங்கும்.

கிளாஸ்கோ எரிவாயு ஆலையை நடத்திய ஜேம்ஸ் பியூமான்ட் நீல்சன், காற்றைச் சூடாக்கி ஊதும் முறைக்கு 1828-ல் காப்புரிமை வாங்கினார். கிளைடு ஆலையில் அதுவரை ஒரு டன் இரும்புக்குச் சுமார் 8 டன் நிலக்கரி. காற்றை 150 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கியதும், 1830-ல் 5 டன் சொச்சம். 1833-ல் 300 டிகிரியைத் தாண்டி, கோக்குக்குப் பதிலா கரியையே நேரடியா போட்டாங்க: உலைக்கு இரண்டேகால் டன்தான்! காற்றைச் சூடாக்கத் தனியா கொஞ்சம் கரி, அவ்வளவே.

எப்படி இவ்வளவு மிச்சம்? இரும்பையும் கசடையும் உருக்க, உலையின் அடியில் 1,400 டிகிரிக்கு மேலுள்ள வெப்பம்தான் உதவும். குளிர்ந்த காற்று ஊதினால் கரியின் வெப்பத்தில் பெரும்பகுதி அந்தக் காற்றை அதுவரை ஏற்றவே செலவாகிறது.

இன்று காற்று 1,200 டிகிரி வரை போகிறது, அதுவும் உலையின் கழிவு வாயுவை எரித்தே. வேடிக்கை என்னன்னா, சில உலைகளில் சுடர் அளவுமீறிச் சூடாகாமல் இருக்க இப்போது நீராவியை வேண்டுமென்றே கலக்கிறார்கள்.