படிப்போர் விருப்பும் படைப்போர் உள்ளமும்

நூலை ஆக்குவோர் ஒருவர். அதனைப் படிப்போர் பலர். ஆக்கியோர் எண்ணமும் படிப்போர் விருப்பமும் எக்காலத்தும் ஒன்றுபடுவதில்லை. அவை மாறுபடுங்கால் ஆசிரியர் எவ்வழி நிற்றல் வேண்டும்? அமெரிக்க நாட்டில் தோன்றிய ‘சிறு பெண்டிர்’ என்னும் புதினத்தின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்கதொரு விடை தருகின்றது.

நூல் பிறந்த வரலாறு

இதனை இயற்றியவர் லூயிசா மே ஆல்காட் (1832-1888) என்னும் அம்மையார். அவர் தந்தையார் கற்றறிந்தவர். ஆயினும் பொருளீட்டும் திறம் இல்லாதவர். ஆதலின் அம்மையார் இளமையிலேயே கற்பித்தும், தைத்தும், கதை எழுதியும் குடும்பத்தைத் தாங்கினார்.

1867ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரப் பதிப்பாளராகிய தாமஸ் நைல்ஸ் என்பார், சிறுமியர்க்குரிய கதையொன்று எழுதித் தருமாறு வேண்டினார். தம் உடன்பிறந்தாரையன்றிப் பிற சிறுமியரை மிகுதியும் அறியாத அம்மையார், மறு ஆண்டில் தம் வீட்டு வாழ்வையே கதையாக்கினார். முதற் பகுதிகளைக் கண்ட பதிப்பாளர், அவை சுவை குன்றியவை எனக் கருதினார். அம்மையாரும் அவ்வாறே எண்ணினார். ஆனால், கையெழுத்துப் படியைப் படித்த சிறுமியர் சிலர் அதனை மிக உயர்ந்தது எனப் போற்றினர். எவர்க்காக நூல் எழுதப்பட்டதோ அவர் தீர்ப்பே வென்றது. 1868இல் அச்சிட்ட 2,000 படிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன.

நால்வர் கதை

மெக், ஜோ, பெத், ஏமி என்னும் நால்வரும் உடன்பிறந்தோர். தந்தை போர்க்களப் பணிக்குச் சென்றிருக்க, தாயின் அரவணைப்பில் வளர்கின்றனர். அன்பைப் போலவே பிணக்கும் அவரிடையே உண்டு. தன்னை நாடகம் காண அழைத்துச் செல்லாத சினத்தால், ஜோ அரிதின் எழுதிய கதைச் சுவடியை ஏமி தீயிலிட்டாள். ஜோ அவளை மன்னிக்க மறுத்தாள். மறுநாள், உறைந்த ஆற்றின் மேல் சென்ற ஏமி, பனிக்கட்டி உடைந்து நீருள் வீழ்ந்தாள். தங்கை உயிர் பிழைத்த பின்னரே, தன் சினம் எத்துணைக் கொடியது என்பதை ஜோ உணர்ந்தாள்.

படிப்போர் வேண்டுகோள்

முதற்பகுதியைப் படித்த சிறுமியர் ஆசிரியர்க்கு மடல்கள் எழுதினர். ஜோ அண்டை வீட்டு இளைஞனாகிய லாரியை மணத்தல் வேண்டும் என்பதே பலர் விருப்பம். மணம் ஒன்றே பெண் வாழ்வின் முடிந்த பயனோ என அம்மையார் மனம் வருந்தினார். எவரையும் மகிழ்விக்கும் பொருட்டு அவ்விருவரையும் மணம் புணர்த்துவதில்லை எனத் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஜோ மணம் புரியாது எழுத்தாளராகவே வாழ்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. எனினும், வேண்டுகோளை முற்றும் தள்ள இயலாமல், 1869இல் வெளிவந்த இரண்டாம் பகுதியில், வயதில் மூத்த செருமானியப் பேராசிரியர் ஒருவரை ஜோவுக்குக் கணவராக்கினார். லாரியோ ஏமியை மணந்தான்.

அம்முடிவு பற்றிய வழக்கு இன்றும் ஓயவில்லை. ஏமி தன்னலம் மிக்கவள் என்பர் சிலர். தன் திறனின் எல்லையை உணர்ந்து நடந்த அறிவுடையவள் என்பர் வேறு சிலர். பிரெஞ்சு நாட்டு அறிஞர் சிமோன் த போவார், சிறுமியாக இருந்தபோது ஜோவிடம் தம்மையே கண்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக விளங்கிய தியோடர் ரூசுவெல்ட்டும் இளமையில் இந்நூலைப் பெரிதும் விரும்பியதாகக் கூறியுள்ளார். சிறுமியர்க்கென எழுந்த நூல் சிறுவர் நெஞ்சத்தையும் கவர்ந்தது.

மாற்ற இயலாத ஒன்று

பெத்தின் மறைவைப் படித்துக் கண்ணீர் உகுத்தோர் பலர். அது வெறுங் கற்பனை அன்று. ஆசிரியரின் தங்கை எலிசபெத் 1858இல் இளமையிலேயே இறந்தார். அவரே கதையில் பெத் ஆனார். ஏமியாக அமைந்த மே என்னும் தங்கையை, நூலால் வந்த பொருளைக் கொண்டு ஐரோப்பாவில் ஓவியம் பயிலச் செய்தார் அம்மையார். 1879இல் மேயும் மகப்பேற்றின் பின் இறக்கவே, தாயற்ற அக்குழந்தையைத் தாமே வளர்த்தார். ஏட்டில் எழுதிய உடன்பிறப்பன்பை வாழ்விலும் இறுதிவரை காத்தார்.

கதை மாந்தரைப் பற்றி வழக்கிடுவோர், அவர்களை உயிருள்ளோராகவே மதிக்கின்றனர். அம்மதிப்பே ஆசிரியர் பெறும் பெரும் பரிசு. படிப்போர் தம் கருத்தை அஞ்சாது உரைத்தல் வேண்டும். ஆசிரியர் அதனைப் பொறுமையுடன் கேட்டல் வேண்டும். ஆயினும், தாம் கண்ட உண்மையைப் பிறர் விருப்பத்துக்காக விற்றுவிடாமையே நல்ல ஆசிரியர்க்கு அழகாம்.