பதின்மூன்று மாத நாட்டில் ஆங்கில வகுப்பு

நம் பழைய பூகோள நூல்கள் அபிசீனியா என்று குறிப்பிட்ட எத்தியோப்பியாவுக்கும் இந்திய ஆசிரியர்களுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. 1936-ஆம் ஆண்டில் இத்தாலியப் படை அந்நாட்டின் தலைநகரைப் பிடித்தது. 1941-இல் நாடு விடுதலை பெற்றபோது, படித்தவர் பலரை அது இழந்திருந்தது. பள்ளிகளை மீண்டும் திறக்க முனைந்த பேரரசர் ஹைலி செலாசி வெளிநாடுகளிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார். அவ்வாறு சென்றவர்களுள் இந்தியர், சிறப்பாகக் கேரளத்தார், மிகப் பலர். 1974-ஆம் ஆண்டுப் புரட்சி பேரரசரை அகற்றியது, ஆங்கிலத்தை அகற்றவில்லை. 1994-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை, தொடக்கக் கல்வி தாய்மொழியிலும், உயர்நிலைப் பள்ளி முதற்கொண்டு எல்லாப் பாடங்களும் ஆங்கிலத்திலும் நடைபெற வேண்டும் என வகுத்தது. அதன்பின் புதிய பல்கலைக்கழகங்கள் பல தோன்றவே, இந்தியாவிலிருந்து மற்றோர் ஆசிரியர் கூட்டம் அங்குச் சென்றது. 2006-ஆம் ஆண்டில் நானும் அவர்களுள் ஒருவனாகச் சென்று, தானா ஏரிக்கரையிலுள்ள பாகிர்தார் நகரில் மூன்றாண்டுகள் ஆங்கிலம் கற்பித்தேன்.

நீல நைல் ஆறு புறப்படுவது அந்த ஏரியிலிருந்துதான். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் ஊர் இருப்பதால் வெயில் வாட்டுவதில்லை. தெருவில் ஓடும் மூன்று சக்கர வண்டி நம் நாட்டில் செய்தது. அதற்கு அங்கு வழங்கும் பெயரே 'பஜாஜ்' என்பதுதான். ஆகவே ஊர் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அந்நியமாகத் தோன்றியது காலக் கணக்கு.

பாட அட்டவணையில் முதல் வகுப்பு 'இரண்டு மணிக்கு' என்றிருந்தது. அது நமது காலை எட்டு மணி. அங்கே நாள் பிறப்பது நள்ளிரவில் அன்று, விடியலில். நமது ஏழு மணி அவர்களுக்கு ஒன்று. நமது நண்பகல் அவர்களுக்கு ஆறு. மாலை ஏழு மணிக்கு மறுபடியும் ஒன்று எனத் தொடங்குவார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நாடாகையால் ஆண்டு முழுவதும் பகலின் அளவு பெரிதும் மாறுவதில்லை. ஆதலின் இக்கணக்கு அவர்களுக்குப் பொருந்திவிடுகிறது. நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியதை நினைத்துக்கொண்டேன். உதயத்திலிருந்து பதினைந்து நாழிகை சென்றால் உச்சி. அங்கே ஆறு மணி சென்றால் உச்சி. எண் வேறு; எண்ணத் தொடங்கும் இடம் ஒன்றே.

ஆண்டுக் கணக்கும் அத்தகையதே. முப்பது நாள் கொண்ட மாதங்கள் பன்னிரண்டு. எஞ்சிய ஐந்து நாட்களைக் கொண்ட பாகுமே என்னும் குட்டி மாதம் ஒன்று. மிகுநாள் ஆண்டில் அதற்கு ஆறு நாள். செப்டெம்பர் திங்களில் புத்தாண்டு பிறக்கிறது. கிறிஸ்து பிறந்த ஆண்டை அவர்கள் வேறு வகையாகக் கணிப்பதால், அவர்களுடைய ஆண்டு எண் நம்முடையதற்கு ஏழோ எட்டோ பின்னால் நிற்கும். உலகம் 2000-ஆம் ஆண்டைக் கொண்டாடி மறந்துவிட்ட பிறகு, 2007 செப்டெம்பர் 12-ஆம் நாள் எத்தியோப்பியாவில் 2000 பிறந்தது. ஒரே வாழ்நாளில் இருமுறை அந்த எண்ணை வரவேற்கும் பேறு எனக்கும் கிடைத்தது!

பெயர் விஷயத்தில் எனக்குப் பெரிய நிம்மதி. குடும்பப் பெயர் எங்கே என்று பல நாட்டு அலுவலகங்கள் தமிழனைத் துளைத்தெடுக்கும். எத்தியோப்பியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அதன்பின் தந்தையின் பெயர், வேண்டுமானால் பாட்டனாரின் பெயர். திருமணத்தால் பெண்ணின் பெயர் மாறுவதுமில்லை. என் தலைப்பெழுத்து இன்னதென விளக்கியதும், எழுத்தர், "எங்களைப் போலத்தான்" என்று எழுதிக்கொண்டார். அன்று முதல் என் சொந்தப் பெயராலேயே அனைவரும் அழைத்தனர். மாணவர் 'மெம்ஹிர்', அஃதாவது ஆசிரியரே, என்றனர்.

சைவ உணவுக்காரன் ஆப்பிரிக்காவில் எவ்வாறு பிழைப்பான் என்று ஊரில் கவலைப்பட்டார்கள். அந்நாட்டு வைதிகக் கிறிஸ்தவர் புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும், ஈஸ்டருக்கு முன் 55 நாட்களும், ஊன், பால், முட்டை ஆகியவற்றை விலக்கி நோன்பிருப்பர். எனவே 'நோன்பு உணவு' என்று கேட்டால் பருப்பும் கீரையும் வந்துவிடும். தெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்செரா, கண் கண்ணாகத் துளைவிட்ட அகன்ற தோசையே. ஆனால் பலர் ஒரே தட்டில் உண்பார்கள். அன்பு மிகுந்தால் ஒரு கவளத்தைச் சுருட்டி விருந்தினர் வாயில் ஊட்டியும் விடுவார்கள். எச்சில் என்னும் சொல்லோடு வளர்ந்தவனுக்கு முதல் கவளம் எளிதாக இறங்கவில்லை. இறங்கிய பிறகு அவ்வீட்டில் நான் விருந்தினன் அல்லேன்.

இனி வகுப்பறைக்கு வருவோம். ஐம்பது அறுபது பேர் அமர்ந்திருப்பார்கள். கணக்கிலும் அறிவியலிலும் வல்லவர்கள். வினா கேட்டால் அமைதி. சிலர் மட்டும் திடீரென மூச்சை உள்ளிழுத்து ஓர் ஒலி எழுப்புவார்கள். புதியவர் அதைத் திகைப்பு என்று கருதக்கூடும். அந்நாட்டில் 'ஆம்' என்பதற்கு அதுவும் ஒரு வழி. எட்டாம் வகுப்புவரை தம் மொழியில் சிந்தித்த பிள்ளைகள், கடைத்தெருவிலோ வீட்டிலோ காதில் விழாத ஒரு மொழியில் பௌதிகமும் வரலாறும் கற்று, அம்மொழியிலேயே தேர்வும் எழுத வேண்டும். அதில் தவறினால் பொறியியலோ மருத்துவமோ இல்லை. ஆங்கில ஆசிரியனின் சிவப்பு மை அங்கே ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைத் தொடுகிறது.

எனக்குத் துணைநின்றது நான் கற்ற ஆங்கில இலக்கியம் அன்று, என் தாய்மொழி. அம்காரி மொழி செமிட்டிய இனத்தைச் சேர்ந்தது, தமிழுக்கு உறவில்லை. எனினும் அதன் வாக்கியத்தில் வினை இறுதியில் நிற்கிறது. 'உழவன் காப்பி விற்கிறான்' என்னும் நம் வரிசையே அவர்கள் வரிசை. 'நேற்று வந்த பையன்' என்று நாம் அடைமொழியை முன்வைப்பது போலவே அவர்களும் வைக்கிறார்கள். ஆகவே அவர்களுடைய ஆங்கிலத்தில் வினைச்சொல் வழிதவறி வாக்கியத்தின் வாலில் போய் நின்றால், அது எங்கிருந்து வந்தது என்பது எனக்கு உடனே விளங்கியது.

எழுத்தும் அவ்வாறே. நம் உயிர்மெய் 216. அவர்கள் அடிப்படை எழுத்து 33 ஏழேழு வடிவம் பெற்று 231 ஆகிறது. ஒற்று இரட்டித்தால் இருமொழியிலும் பொருள் மாறும். ஆனால் அவர்கள் எழுத்து அதைக் காட்டுவதில்லை. 'அல' என்றால் 'சொன்னான்'. 'அல்ல' என்றால் 'இருக்கிறது'. எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நமக்கு 'அல்ல' மறுப்பாயிற்றே என்று நான் கூறியபோது வகுப்பு முழுவதும் சிரித்தது. அம்மொழியில் அஃறிணைப் பால் இல்லை. அதனால்தான் மாணவன் புத்தகத்தை 'அவன்' என்று ஆங்கிலத்தில் எழுதுகிறான். அதனைக் கவனக் குறைவு என்று தண்டிப்பது அநியாயம் என்பது என் கருத்து.

வகுப்பில் பிறமொழி கூடாது என்று கருதும் ஆசிரியர் பலர். நான் அதற்கு உடன்படவில்லை. முதலில் அருகிலிருப்பவனிடம் உன் மொழியில் சொல், பிறகு ஆங்கிலத்தில் எல்லாருக்கும் சொல் என்று அமைத்தேன். எல்லார்க்கும் அம்காரி தாய்மொழியும் அன்று. ஒரோமோ மொழியினர் தம் மொழியை ரோமன் எழுத்தில் எழுதுபவர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. அவர்கள் தமக்குள் ஒரு குழுவாக அமர்ந்தனர்.

பல வாரம் வாய் திறவாதிருந்த ஓர் இளைஞன், ஏரியில் ஓடும் 'தங்குவா' என்னும் கோரைப் படகைப் பற்றிப் பேச முன்வந்தான். அவன் வீட்டார் படகு கட்டுபவர்கள். தன் தோழனிடம் அம்காரியில் விரைவாகச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் எழுதினான். நான்கிலும் வினை இறுதியில் இருந்தது. நான் ஒன்றையும் அழிக்கவில்லை. வினையிலிருந்து அதன் இடத்திற்கு ஓர் அம்பு வரைந்தேன். மற்ற மூன்று அம்புகளை அவனே வரைந்தான். பிறகு பேசினான். படகு எத்தனை நாள் உழைக்கும் என்று ஒருத்தி ஆங்கிலத்தில் கேட்டாள். கோரை நீரைக் குடித்துக் கனத்துவிடும், கரையேற்றி வெயிலில் உலர்த்த வேண்டும், அப்படியும் நெடுநாள் தாங்காது என்று அவன் விடை கூறினான். எவ்வளவு சுமை தாங்கும் என்று மற்றொருவன் கேட்டான். அதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் 'இரண்டு மணிக்கு' நான் வகுப்பில் நுழைந்தபோது, அந்த இளைஞன் எனக்கு முன்பே பலகையருகில் நின்று, சுமையின் கணக்கை எழுதிக்கொண்டிருந்தான்.