குடுமியான்மலைக் கல்லும் பள்ளிச் சிறுவர் பாட்டும்

புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடுமியான்மலையில், மேலைக்கோவில் என்னும் குடைவரையின் அருகே, பாறைமீது ஸ்வரங்கள் வரிவரியாய் வெட்டப்பட்டிருக்கின்றன. 7ஆம் நூற்றாண்டினதென ஆராய்ச்சியாளர் மதிக்கும் இச்சாசனத்தைப் பற்றிப் பெருமை பேசுவதில் நம்மவர் குறைவைத்ததில்லை. ஆயின் அதை எழுதுவித்த நோக்கத்தைக் கவனிப்போர் சிலரே. உருத்திராசாரியரின் சீடனான ஓர் அரசன், மாணாக்கரின் நன்மைக்காக இதைச் செய்வித்தானென்று சாசனமே சொல்லுகிறது. அவன் தன் வெற்றிகளை அங்கே பொறிக்கவில்லை. சங்கீத பாடத்தைப் பொறித்தான்.

அந்த மாணாக்கர் இன்று எங்கே? புதுக்கோட்டைச் சீமை சங்கீதத்திற்கு வறண்ட பூமியன்று. பஜனைக் கூடங்களில் ஒலித்துவந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளை இவ்வூரினர். அது பெரிய சாதனையே. எனினும், வாத்தியம் மேடையேறிய காலத்தில், கூடிப் பாடிய ஜனங்கள் கீழே அமர்ந்து கேட்போராகிவிட்டனர் என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

குழந்தைகளின் கதை இதனினும் துயரமானது. 1916இல் புதுக்கோட்டையில் பிறந்த பி. யு. சின்னப்பா சிறு பிராயத்திலேயே பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பாடி நடித்தவர். குரல் உடையும் பருவம் வந்தால் அக்கம்பெனிப் பிள்ளைகளின் பாட்டுக்கு மதிப்புப் போய்விடும். சின்னப்பாவும் அதை அனுபவித்தார். பிற்காலத்தில் சினிமாவில் பெரும்புகழுடன் மீண்டெழுந்தார். அவரைப்போல் மீளாத சிறுவர் எத்தனை பேரோ! பாய்ஸ் கம்பெனிகள் மறைந்தன. அவற்றின் மனோபாவம் மறையவில்லை. இன்றைய தொலைக்காட்சிப் போட்டி ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிவைத்துக் கூத்தாடுகிறது. மற்றக் குழந்தைகளை விளக்கொளியில் அழவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறது. இதற்குக் கலைவளர்ச்சி என்று பெயர்!

இதற்கு மாறான வழியைக் கடல்கடந்த ஒரு சிறு தேசம் காட்டியிருக்கிறது. பின்லாந்தின் ஜனத்தொகை சுமார் 55 லட்சமே. 1917 வரை ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்த அந்நாடு, தன் பாஷையையும் பாட்டையும் விடாது பற்றிநின்று தலைநிமிர்ந்தது. அதன் தலைநகரான ஹெல்சிங்கியை அடுத்த தாப்பியோலா என்னுமிடத்தில், 1963இல் எர்க்கி போஹ்யோலா என்ற பள்ளிச் சங்கீத ஆசிரியர் ஒரு குழந்தைகள் கோஷ்டியை ஆரம்பித்தார். 1971இல் பி.பி.சி. நடத்திய சர்வதேசச் சேர்ந்திசைப் போட்டியில் அது பரிசு பெற்று உலகப்புகழ் அடைந்தது. 1994இல் போஹ்யோலா விலக, காரி ஆலா-போல்லானென் பொறுப்பேற்றார். 2008இல் பாசி ஹ்யொக்கி வந்தார். குழந்தைகள் வளர்ந்து விலகிக்கொண்டேயிருக்கின்றனர். புதியவர் வந்து நிற்கின்றனர். குரல் உடைந்த சிறுவனால் அங்கே எவருக்கும் நஷ்டமில்லை. ஆசிரியர் மாறியும் கோஷ்டி கலையவில்லை.

இது மேல்நாட்டார் வழக்கம், நமக்கு ஒவ்வாது என்பர் சிலர். நம் சங்கீதம் இராகத்தின் தனிவழி செல்வது, பல குரல்கள் பல ஸ்வரங்களில் இசைவது அதற்கு அந்நியம் என்பது அவர்கள் வாதம். வாதம் அற்பமானதன்று. ஆனால் அதற்கு விடையைச் சென்னையிலேயே ஒருவர் செய்து காட்டிச் சென்றிருக்கிறார். எம். பி. ஸ்ரீநிவாசன் என்னும் சங்கீத இயக்குநர், 1962இல் வெளிவந்த மலையாளப் படத்தில் ஜேசுதாஸை முதன்முதல் பாடவைத்தவர். சினிமா வாத்தியக்காரரின் உரிமைகளுக்குச் சங்கம் கண்டவர். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு முன் கைதான பஞ்சாபின் தலைவர் சைபுதீன் கிச்லுவின் மருமகன். 1970களின் தொடக்கத்தில் அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவினார். பாரதியாரின் பாடல்களைப் பல குரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். தமிழ்ப்பாட்டு தமிழ்ப்பாட்டாகவே நின்றது. பயிற்சியற்ற குரல்களை ஒருமுகப்படுத்துவதே அவர் வித்தை. 1988 மார்ச்சில் லட்சத்தீவில் சேர்ந்திசைப் பணிக்காகச் சென்றிருந்த இடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

கூடிப் பாடுதல் நமக்கு அந்நியமென்பார் 1930ஐ மறந்தவரே. திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை ராஜாஜியுடன் நடந்த தொண்டர்கள் நாமக்கல் கவிஞரின் பாட்டைப் பாடிக்கொண்டே சென்றனர். பாடத்தெரிந்தவரைப் பொறுக்கியா அந்தப் படையைத் திரட்டினார்கள்?

நிற்க. 2022 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா நடைபெறுகிறது. ஏழைச் சிறுவரையும் மேடையேற்றுவதால் அதை வரவேற்கிறோம். ஆனால் திருவிழா ஆண்டுக்கொருமுறை வந்துபோவது. அதுவும் பரிசைச் சுற்றியே சுழல்வது. சேர்ந்திசை பரிசினால் வளர்வதன்று. பக்கத்திலிருப்பவன் குரலுக்குக் காதுகொடுத்துத் தன் குரலை அடக்கவும் உயர்த்தவும் ஒரு பிள்ளை கற்கப் பல மாதங்கள் ஆகும். சபாக்கட்டணமும் தனிப்பாடச் சம்பளமும் கொடுக்கவியலாத விவசாயக் கூலியின் மகளுக்கு, பள்ளியை விட்டால் சங்கீதத்தின் வாசல் வேறில்லை. அவ்வாசலையும் பரீட்சைப் பாடங்கள் அடைத்து நிற்கின்றன.

புதுக்கோட்டை ஜில்லாவின் அன்பர்களையும் கல்வி அதிகாரிகளையும் நாம் கேட்பது பெருஞ்செலவுள்ள காரியமன்று. வட்டத்துக்கு ஒரு பள்ளியைத் தேர்ந்து, வாரம் இரண்டு மணிநேரம் ஒதுக்கி, பாடத்தெரிந்த ஓர் ஆசிரியரை வேறு வேலைக்கு இழுக்காமல் விட்டுவைத்தால் போதும். வாத்தியம் பின்னால் வரட்டும். குரல் நன்றாயில்லை என்று எந்தப் பிள்ளையையும் விலக்கலாகாது என்பது ஒன்றே நிபந்தனை. ஆண்டு முடிவில் அப்பிள்ளைகளைக் குடுமியான்மலைக்கு அழைத்துச் சென்று, அப்பாறையின் முன்னே நிறுத்திப் பாடச் சொல்லுங்கள். கேட்க நாமும் வருகிறோம்.