மண்ணும் வண்ணமும் – 9: நிறத்துக்குப் பசிக்கும் கண்

ஜெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) ஓவியராக வேண்டியவர். லண்டன் சவுத் கென்சிங்டன் கலைப் பள்ளியில் படித்தவர். வெள்ளி வேலை, எம்பிராய்டரி, மரச்செதுக்கு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கிட்டப்பார்வை முற்றி, நுணுக்க வேலைகளைக் கைவிட வேண்டி வந்தபோது தோட்டமே கதி என்றானார். ஓவியம் மட்டும் அவரை விடவில்லை.

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், மன்ஸ்டெட் உட் என்ற தன் வீட்டில் அவர் போட்ட பூப்பாத்தி சுமார் 200 அடி நீளம், 14 அடி அகலம். ஒரு முனையில் சாம்பல் இலைகளும் வெளிர் நீலமும் வெள்ளையுமாக மெல்ல ஆரம்பிக்கும். மஞ்சள் ஏறும், ஆரஞ்சு ஏறும், நடுவில் சிவப்பு கொழுந்துவிட்டு எரியும். பிறகு அதே படிகளில் இறங்கி ஊதாவில் போய் முடியும்.

வரிசைக்குக் காரணம் உண்டு. பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சோபிக்கவில்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்தால் சாயத்தில் கோளாறில்லை. பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பை மங்கவைத்தது. 1839-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். ஜீக்கில் அதைச் செடியில் செய்து காட்டினார். ஆரஞ்சைப் பார்த்துத் தெவிட்டிய கண், நீலத்துக்கும் சாம்பலுக்கும் பசியோடு காத்திருக்கும். அப்போது பார்க்கிற நீலம் இரட்டிப்பாகத் தெரியும். நீலத் தோட்டம் என்று பெயர் வைத்துவிட்டோமே என்பதற்காக நீலத்தை மட்டுமே நட்டுக் கெடுப்பவர்களை, 1908-ல் வந்த தன் புத்தகத்தில் அவர் கடிந்துகொள்கிறார். ஒரு வெள்ளை லில்லி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

என்னைக் கேட்டால், பூவைவிட இலையில்தான் அவர் கெட்டிக்காரர். வாள்போல் விறைத்த யக்கா இலையும், தொட்டால் வெல்வெட்டாக இருக்கும் ஸ்டேக்கிஸ் இலையும் ஒரே பாத்தியில். இரண்டும் சாம்பல் சாயல்தான். தடவிப் பார்த்தால் தெரியும் சேதி. ஓரியன்டல் பாப்பி பூத்து ஓய்ந்ததும் பாத்தியில் பொத்தல் விழுமே, அதற்கும் வழி வைத்திருந்தார். பக்கத்திலேயே ஜிப்சோபிலா, நம் ஊர் பொக்கேக்களில் ரோஜாவுக்கு நடுவே செருகுகிறார்களே, அந்தப் பொடி வெள்ளைப் பூ. அது புகையாகப் படர்ந்து பொத்தலை மூடும். அது காய்ந்து பழுப்பானால், மேலே நாஸ்டர்ஷியக் கொடியை ஏற்றிவிடுவார்.

இந்தச் செடிகளில் பாதி நம் மொட்டைமாடி வெயிலுக்குத் தாங்காது. கணக்கு மட்டும் தாங்கும். சாம்பல் பூத்த பொடி இலையோடு ஒரு தொட்டி மருக்கொழுந்து, அதை ஒட்டிக் கனகாம்பரம். கதம்பம் கட்டும் பூக்காரம்மாவுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை! மருக்கொழுந்து பனிக்காலத்துச் சமாசாரம். கோடையில் அந்த இடத்துக்கு நீலச் சங்குப்பூவை ஏற்றலாம்.

குரோட்டன்ஸ் விஷயத்தில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். நர்சரிக்குப் போய் நாலு ரகம் வாங்கி வாசலில் வரிசையாக நிறுத்தினால், எதைப் பார்ப்பது என்று கண் திண்டாடும். ஒன்றே ஒன்று போதும். மஞ்சளும் சிவப்பும் கலந்த அந்தத் தடித்த, பளபளப்பான இலைக்குப் பக்கத்தில், நிழல் விழும் பக்கமாக, மெல்லிய பச்சைப் பெரணி ஒன்றை வையுங்கள். மீதி மூன்றுக்கு வைத்திருந்த காசில் நல்ல மண்தொட்டி வாங்கலாம். பிளாஸ்டிக் தொட்டியின் நீலம் இரண்டையுமே கெடுத்துவிடும்.

(தொடரும்)