கடல்கடந்து வரும் காசு கைக்கு வரும்போது எவ்வளவு?

மாத்தளையின் வீட்டுத்தோட்டங்களில் மிளகு, கராம்பு, சாதிக்காய், கறுவா எல்லாம் விளைகின்றன. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான் இருக்கிறது. 1983 வன்செயலில் இடம்பெயர்ந்து திரும்பியவர்கள், மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காகக் காணியை விட்டு வந்தவர்கள் எனப் பலர் புதிய இடத்திலும் இப்பயிர்களையே நம்பியிருக்கிறார்கள்.

அறுவடையை ஊர் வியாபாரியிடம் போட்டால் அன்றே காசு. அதையே துப்புரவாக்கி, அரைத்து, பொதிசெய்து ரொறன்ரோவிலோ பாரிஸிலோ உள்ள கடைக்கு அனுப்பினால் விலை கூடும். ஆனால் அந்தக் காசு எப்படி வந்து சேரும்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் சரக்கை அனுப்பியவர்கள் உண்டு.

முதலில் உண்டியல். "அங்கே என் ஆளிடம் கொடுத்துவிடு, இங்கே உன் வீட்டுக்கு ரூபாய் வரும்" என்பது கேட்க இலகுவானது. 2021இன் கடைசியில் வங்கிகளில் டொலர் 203 ரூபாய் அளவில் கட்டிவைக்கப்பட்டிருந்தபோது உண்டியல்காரர் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். சனங்கள் அந்தப் பக்கம் போனார்கள். வெளிநாட்டில் உழைப்போர் வங்கி வழியாக அனுப்பிய பணம் 2020இல் ஏறக்குறைய 710 கோடி டொலர். 2022இல் அது 380 கோடியளவுக்கு இறங்கியது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி கட்டைத் தளர்த்தியது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. உண்டியல் கொடுத்த அந்தப் பெரிய இலாபத்துக்குக் காரணமும் அத்தோடு போயிற்று.

உண்டியல் சட்டப்படியான வழி அல்ல. யாரோ தெரியாத ஒருவர் உங்கள் கணக்கில் காசைப் போட்டுவிட்டுப் போகிறார். அது எங்கிருந்து வந்த காசு என்று பிறகு கேட்டால் காட்ட உங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. நாளை அரைக்கும் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டுப் போகும்போது, "இரண்டு வருடமாக வெளிநாட்டுக்கு விற்கிறோம்" என்ற உங்கள் சொல்லை வங்கி முகாமையாளர் எதைக் கொண்டு நம்புவார்? காணி உறுதி இல்லாத குடும்பத்துக்கு வங்கிப் பதிவே பெரிய சாட்சி.

ஆகவே வங்கி வழி. அதற்கு முன்னே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. இடம்பெயர்ந்தவரின் அடையாள அட்டையில் பழைய ஊர் விலாசம் இருக்கும். அந்த ஊர் இன்று தண்ணீருக்கு அடியிலும் இருக்கலாம். புதிய இடத்துக் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் பெற்று, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். வியாபாரப் பெயரையும் அதே செயலகத்தில் பதியலாம். சரக்கு வருமுன் இதை முடித்துக்கொள்வது நல்லது; காசு வந்தபின் ஓடினால் அலைச்சல்தான்.

வெளிநாட்டு வங்கியிலிருந்து நம் வங்கிக்குக் காசு ஸ்விப்ட் என்ற செய்தி வலையமைப்பின் மூலம் வருகிறது. வாங்குபவரிடம் கொடுக்க வேண்டியவை: கணக்கில் உள்ளபடியே உங்கள் பெயர், கணக்கிலக்கம், வங்கி, கிளை, வங்கியின் ஸ்விப்ட் குறியீடு. குறியீட்டில் ஐந்தாம், ஆறாம் எழுத்துகள் 'எல்.கே.' என்று இருக்க வேண்டும். அது இலங்கையைக் குறிப்பது. பாரிஸில் இருப்பவர் 'ஐபான்' இலக்கம் கேட்பார். இலங்கையில் அது பாவனையில் இல்லை, கணக்கிலக்கம் போதும் என்று சொல்லுங்கள். பெயரில் கவனம். முதலெழுத்து மாறினாலும், ஆங்கில எழுத்துக்கூட்டல் பிசகினாலும் காசு திரும்பிப் போகலாம். அந்தப் போக்குவரத்துச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

வழியில் காசு எங்கே குறைகிறது? அனுப்பும் வங்கி ஒரு கட்டணம் எடுக்கும். இரண்டு வங்கிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லாவிட்டால் நடுவில் நிற்கும் வங்கி ஒரு பங்கு கழிக்கும். நம் வங்கியும் கொஞ்சம் எடுக்கலாம். பெரும்பாலும் இவை தொகைக்கு ஏற்ற கட்டணங்கள் அல்ல, ஒவ்வொரு தடவைக்குமானவை. கணக்குக்காக ஒரு தடவைக்கு 20 டொலர் கழிகிறது என்று வைப்போம். 150 டொலராக மூன்று தடவை வந்தால் 450இல் 60 டொலர் போய்விடும். ஒரே தடவையில் வந்தால் 20 மட்டுமே. நாலைந்து குடும்பங்கள் ஒரு குழுக் கணக்கில் சேர்ந்து, மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பெறுவதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. குழுவென்றால் பங்குக் கணக்கை எல்லோருக்கும் தெரியும்படி கொப்பியில் எழுதுங்கள்; காசு வரத் தொடங்கியபின் உடைந்த குழுக்களே அதிகம்.

அனுப்பும் படிவத்தில் செலவு யாருடையது என்று மூன்று தெரிவுகள் இருக்கும். 'அவர்' என்றால் முழுச் செலவும் அனுப்புபவருக்கு (தமிழில் படித்தாலும் பொருள் பொருந்துகிறது!). 'ஷா' என்றால் இருவருக்கும் பங்கு. 'பென்' என்றால் எல்லாம் உங்களுக்கு. விலை பேசும்போதே இதையும் பேசிக்கொள்ள வேண்டும்.

வெஸ்டர்ன் யூனியன் போன்றவை ஆளுக்கு ஆள் அனுப்பும் குடும்பப் பணத்துக்கானவை. உறவினர் 'குடும்பச் செலவு' என்று அனுப்பினால் உங்கள் மிளகு விற்ற பதிவு எங்கும் இருக்காது. பேபால் இலங்கையில் பல ஆண்டுகளாகப் பணம் அனுப்ப மட்டுமே உதவியது, பெற உதவவில்லை. வாங்குபவர் அதைச் சொன்னால் முதலில் வங்கியில் விசாரியுங்கள். பயோனியரில் உங்கள் பெயரில் டொலர், பவுண், யூரோ பெறும் கணக்கு விபரம் தருவார்கள். வாங்குபவர் தன் நாட்டுக்குள் அனுப்புவதுபோல அனுப்பலாம். பிறகு நீங்கள் இங்குள்ள வங்கிக்கு எடுக்கும்போது கட்டணமும் நாணயமாற்று வித்தியாசமும் உண்டு. மின்னஞ்சலும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்த மகனோ மகளோ வீட்டில் இருந்தால் முயன்று பார்க்கலாம்.

எந்த வழியானாலும் நாணயமாற்று விலையைக் கேளுங்கள். தந்தி மாற்றுக்கு வங்கி தரும் 'வாங்கும் விலை'தான் உங்களுக்குரியது. அது வங்கிக்கு வங்கி வேறுபடும். ஒவ்வொரு நாளும் அறிவிக்கிறார்கள்.

விலைப்பட்டியலின் பிரதியைக் கைவசம் வைத்திருங்கள், வங்கி கேட்கும். சரக்கு ஏற்றுமதிப் பணம் 180 நாட்களுக்குள் நாட்டுக்கு வந்துசேர வேண்டும் என்று மத்திய வங்கி 2021இல் விதித்தது. ஆகவே "விற்றபின் தருகிறேன்" என்று வருடக்கணக்கில் இழுக்கும் கடைக்காரருக்குச் சொல்ல உங்களிடம் ஒரு நல்ல காரணமும் இருக்கிறது.

முற்பணம் கேட்க வெட்கப்பட வேண்டாம். உலக நியாய வர்த்தக அமைப்பின் கொள்கைப்படி, உணவுப் பொருள் தருபவர் கேட்டால் வாங்குபவர் குறைந்தது 50 வீதம் முற்பணத்தை நியாயமான வட்டியுடன் கொடுக்க வேண்டும். சொந்தக்காரக் கடைக்காரர் அந்த அமைப்பில் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் முதல் பொதியைக் கட்டுமுன் பாதிக் காசு கணக்கில் விழுந்துவிட்டதா என்று பாருங்கள்.